தசை இறுக்கமும் சமனின்மையும்: விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓட்டம், கால்பந்து, வேகப்பந்து வீச்சு போன்ற விளையாட்டுகளில் ஈடுபடுவோர் இயன்முறை மருத்துவரிடம் அதிகம் சொல்லும் குறை, "இந்த இடம் இறுக்கமாகவே இருக்கிறது" என்பதாகும். அதற்கு அவர்கள் பெறும் அறிவுரையும் பெரும்பாலும் ஒன்றுதான்: நன்றாக இழுத்து நீட்டுங்கள். அந்த அறிவுரை எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதை முன்வைத்தே இந்தக் கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. தொடையின் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், இங்கே அதிக இடம் பிடித்திருக்கிறது. ஓடும் விளையாட்டுகளில் அதிகமாகக் கிழிவதும், கிழிந்தபின் மீண்டும் கிழிவதும் அந்தத் தசைதான்.

தசை இறுகிவிட்டது என்றால் அது குட்டையாகிவிட்டது என்று பொருளா?

பெரும்பாலும் இல்லை. இறுக்கம் என்பது ஓர் உணர்வு. நீளக் குறைவு என்பது அளந்து பார்த்துச் சொல்ல வேண்டியது. குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிக்கக்கூடிய ஓட்டக்காரர் ஒருவர் தம் தொடையின் பின்புறம் எந்நேரமும் இறுகியே இருப்பதாகச் சொல்வதுண்டு. கணுக்காலைக்கூடத் தொட முடியாத இன்னொருவர் எந்த இறுக்கத்தையும் உணராமல் பல ஆண்டுகள் ஓடுவதும் உண்டு.

அந்த உணர்வைத் தரக்கூடிய காரணங்கள் பல. பழக்கமில்லாத சுமையைத் தாங்கிய தசை ஓரிரு நாள் இறுகும். தன் வேலைக்குப் போதிய வலிமை இல்லாத தசை, ஒவ்வொரு பயிற்சியிலும் தன் எல்லைவரை உழைத்து, எப்போதும் களைப்பிலேயே கிடப்பதால் இறுகியதுபோல் தோன்றும். முதுகெலும்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு உறுத்தலுக்கு ஆளாகியிருந்தால், அந்த உறுத்தலும் தொடையின் பின்புற இறுக்கமாகவே உணரப்படும். மூட்டிலோ எலும்பிலோ உள்ள தடை சில நேரங்களில் தசையின் குற்றமாகக் கருதப்படுகிறது. காயப்பட்ட பகுதியைக் காப்பதற்காக நரம்பு மண்டலம் சுற்றியுள்ள தசைகளை விறைப்பாக வைத்திருப்பதும் உண்டு. மாவுக்கட்டில் பல வாரங்கள் அசையாமல் கிடந்த கால்போன்ற நிலைகளில் மட்டுமே தசை உண்மையாகவே குட்டையாகியிருப்பதை நாம் ஐயமின்றிக் காண்கிறோம்.

இவற்றுள் எது என்பதை எப்படிப் பிரித்தறிவது?

முதல் சோதனை எளியது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை மற்றொருவர் மெதுவாக உயர்த்த வேண்டும். பிறகு மறு கால். உயரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவும் விளையாட்டுக்குப் போதுமானதாகவும் இருந்தால், தசையின் நீளத்தின் மீது பழி சுமத்துவதில் பொருளில்லை. கால் உயர்ந்திருக்கும் அதே நிலையில் பாதத்தை மேல்நோக்கி மடக்கினாலோ, கழுத்தைக் குனிந்து தாடையை மார்பில் பதித்தாலோ இழுப்பு கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். கழுத்தை அசைப்பதால் தொடைத் தசையின் நீளம் மாறப்போவதில்லை. ஆகவே உணர்வு மாறினால் நரம்பின் பங்கை ஐயப்பட வேண்டும். அத்தகைய நரம்பை வலிந்து இழுப்பது நிலைமையை மோசமாக்கும்.

இடுப்பின் முன்புறத்துக்கு, 19-ஆம் நூற்றாண்டின் வேல்ஸ் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸின் பெயரால் வழங்கும் தாமஸ் சோதனை இன்றும் பயன்படுகிறது. மேசையின் விளிம்பில் படுத்து ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டால், மறு தொடை மேசையில் படிய வேண்டும். படியாமல் மேலெழுந்தால் இடுப்பு மடக்குத் தசை குறுகியிருக்கலாம். தொடை படிந்தும் முழங்கால் மடங்காமல் நீண்டு நின்றால் முன்தொடைத் தசையைப் பார்க்க வேண்டும். இடுப்பு சற்றுச் சாய்ந்துவிட்டாலும் இந்தச் சோதனை பொய் சொல்லிவிடும் என்பதால், கீழ்முதுகு மேசையை ஒட்டியிருக்கிறதா என்பதைக் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது.

கணுக்காலுக்கு, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடும் சோதனை போதுமானது. கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையிலான தூரத்தைச் செ.மீ.யில் குறித்து வையுங்கள். எண்ணைவிட இரு கால்களுக்கும் இடையிலான வேறுபாடும், மாதத்துக்கு மாதம் ஏற்படும் மாற்றமும் அதிகம் பேசும்.

தசைச் சமனின்மை என்று எதைச் சொல்கிறார்கள்?

இரண்டு பொருள்களில் அந்தச் சொல் புழங்குகிறது. இடது காலுக்கும் வலது காலுக்கும் உள்ள வலிமை வேறுபாடு ஒன்று. ஒரே மூட்டின் எதிரெதிர்த் தசைகளுக்கு இடையிலான விகிதம் மற்றொன்று. பின்தொடையின் வலிமை முன்தொடையின் வலிமையில் 0.6 பங்காவது இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது ஐசோகைனெடிக் கருவியில், அதாவது மூட்டு அசையும் வேகத்தை மாறாமல் வைத்து விசையை அளக்கும் கருவியில், குறிப்பிட்ட வேகத்தில் அளக்கப்பட்ட எண் என்பதையும், உடற்பயிற்சிக் கூடத்து எடைப் பொறிகளில் தூக்கும் கிலோ கணக்கை வைத்து அந்த விகிதத்தைக் கணிப்பது தவறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் காயம் நிச்சயமா?

இல்லை. இந்தத் துறையில் மிகைப்படுத்திச் சொல்லப்படும் செய்திகளில் இதற்கு முதலிடம் தரலாம்.

2008-இல் குரோவாசியே குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 462 தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் பின்தொடரப்பட்டனர். வலிமைச் சமனின்மை இருந்தும் சரிசெய்யப்படாதவர்களுக்குப் பின்தொடைக் காயம் ஏற்படும் வாய்ப்பு, சமனின்மை இல்லாதவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம் என்று அது கூறியது. பல அணிகள் அதைக் கேட்டுச் சோதனைக் கருவிகளை வாங்கின. ஆனால் 2016-இல் கத்தாரின் 614 தொழில்முறை வீரர்களை நான்கு பருவங்கள் கவனித்த வான் டைக் குழுவினரின் ஆய்வில் அந்தத் தொடர்பு மிக மெலிந்துபோனது. யார் காயப்படுவார், யார் தப்புவார் என்று முன்கூட்டிச் சொல்ல அந்த அளவீடுகள் உதவவில்லை. சோதனை பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. வீரரின் தொடக்க நிலையைக் குறித்துவைக்கவும், காயத்துக்குப் பிறகு எங்கே திரும்ப வேண்டும் என்பதை அறியவும் அது பயன்படும். சோதிடம் பார்க்க மட்டும் அதை நம்பக்கூடாது.

ஒருபக்கச் சாய்வுள்ள விளையாட்டுகள் உடலையும் ஒருபக்கமாகவே வளர்க்கின்றன. டென்னிஸ் வீரரின் ஆடும் கையில் எலும்பே தடித்திருக்கும். வேகப்பந்து வீச்சாளரின் இடுப்புக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டியுள்ள குவாட்ரேட்டஸ் லம்போரம் தசை, பந்து வீசும் கையின் பக்கம் பெருத்திருப்பது எம்.ஆர்.ஐ. படங்களில் தெரிந்த செய்தி. அந்தப் பெருக்கத்துக்கும் கீழ்முதுகு எலும்புக் காயத்துக்கும் தொடர்பு இருப்பதாக 2007-இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வந்த ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. அந்த வளர்ச்சி தீங்கா, சுமையைத் தாங்க உடல் செய்துகொண்ட ஏற்பாடா என்பது தீராத கேள்வியாக இருக்கையில், அதைத் தேய்த்தும் இழுத்தும் "சமன்" செய்ய முயல்வது வீண்வேலை என்பதே என் கருத்து.

கவலைப்பட வேண்டிய வேறுபாடுகள் வேறு. முன்பு காயப்பட்ட பக்கம் பலவீனமாக இருப்பது, கடந்த பருவத்தில் இல்லாத வேறுபாடு இந்தப் பருவத்தில் தோன்றுவது, வேறுபாட்டோடு வலியும் சேர்ந்து வருவது ஆகிய மூன்றையும் அலட்சியம் செய்யக்கூடாது.

"முன்பக்கம் இறுகி, பின்பக்கம் தளர்ந்துவிட்டது" என்று சொல்கிறார்களே?

இந்தக் கருத்தைப் பரப்பியவர் பிராகைச் சேர்ந்த செக் நரம்பியல் மருத்துவர் விளாதிமிர் யான்டா (1928–2002). இடுப்பு மடக்குத் தசைகளும் கீழ்முதுகுத் தசைகளும் இறுக, வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் தளரும் தோற்றத்தைக் குறுக்கு நோய்க்குறி என்று அவர் விவரித்தார். நோயாளியை நோக்குவதற்குப் பயனுள்ள ஒரு கண்ணோட்டம் அது. ஆனால் நிற்கும் தோற்றத்தை வைத்து வலியையோ காயத்தையோ கணிக்க முடியும் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. இன்று பலரும் சொல்லும் "பிட்டத் தசை வேலை செய்யவில்லை" என்ற கூற்றும் இதன் மிகைப்பட்ட வடிவமே. படியேறி வந்தவரின் பிட்டத் தசை வேலை செய்யாமல் இருந்திருக்க முடியாது, அது வலிமை குறைந்ததாக இருக்கலாம், அவ்வளவே.

பயிற்சிக்கு முன் அசையாமல் நீட்டி நிற்பது தீங்கா?

ஒரு தசையை 60 விநாடிக்கும் குறைவாக நீட்டினால் வலிமையில் ஏற்படும் இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. அதற்கு மேல் நீட்டிவிட்டு உடனே விரைவோட்டத்துக்கோ தாண்டுதலுக்கோ போனால் ஆற்றல் சற்றுக் குறையும். எனவே களத்தில் இறங்குமுன் மெல்லோட்டம், கால் வீச்சு, முன்னங்கால் மடக்கி நடத்தல், படிப்படியாக வேகம் கூட்டிய ஓட்டம் என்று உடலைச் சூடேற்றுவதே தகும். நீண்ட நேர நீட்டலைத் தனி வேளைக்கு ஒதுக்கலாம்.

நீட்டுவதால் காயம் குறையும் என்ற நம்பிக்கைக்குத்தான் ஆதாரம் போதவில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 1,538 புதிய படைவீரர்கள் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். பயிற்சிக்கு முன் நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் காய எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

பல மாதங்களாகத் தினமும் நீட்டியும் பின்தொடை இறுக்கம் போகவில்லை. ஏன்?

நீட்டியவுடன் இதமாக இருக்கிறது, மறுநாள் காலை பழையபடி இறுகுகிறது என்றால், நீட்டுவது உணர்வை மட்டும் தற்காலிகமாகத் தணிக்கிறது என்று கொள்ளலாம். சில வாரங்கள் நீட்டியபின் கால் முன்னைவிட உயரப் போவதற்குப் பெருங்காரணம், அந்த இழுப்பைத் தாங்கும் சகிப்பு கூடியதே என்று ஆய்வாளர்கள் வெப்ளரும் மேக்னசனும் 2010-இல் வாதிட்டனர். தசையின் திசு நீண்டுவிட்டது என்ற பழைய விளக்கத்தை அது கேள்விக்குள்ளாக்கியது.

விரைவோட்டத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்னே வீசப்பட்ட கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இடுப்பு மடங்கி முழங்கால் நீளும் அந்தக் கணத்தில், பின்தொடைத் தசை தன் உச்ச நீளத்தை எட்டுகிறது. அதே கணத்தில் முன்னே பாயும் காலை நிறுத்திப் பிடிக்கும் பெரும் விசையையும் அதுவே தர வேண்டியிருக்கிறது. பின்தொடையின் வெளிப்புறத்தில் உள்ள பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசையின் நீள் தலை ஓட்டத்தில் அதிகம் கிழிவது இதனால்தான். நீண்ட நிலையில் விசை தரப் பழகாத தசைக்கு இந்த வேலை ஒவ்வொரு முறையும் எல்லைமீறிய வேலை. அத்தகைய தசையை மேலும் மேலும் நீட்டுவதால் அதற்கு வலிமை வருவதில்லை.

எனவே எக்சென்ட்ரிக் பயிற்சி, அதாவது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் பயிற்சி, இங்கே முன்னுரிமை பெறுகிறது. அது வலிமையைக் கூட்டுவதோடு தசைக்கற்றைகளின் நீளத்தையும் வளர்க்கிறது. மூட்டின் முழு வீச்சுக்கும் செய்யப்படும் எடைப் பயிற்சி, நெகிழ்வைக் கூட்டுவதில் நீட்டற்பயிற்சிக்குப் பெரிதும் பின்தங்குவதில்லை என்பதும் 2021-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின் முடிவு. நேரம் குறைவாக உள்ள வீரருக்கு நான் எடையைத்தான் பரிந்துரைப்பேன்.

இத்துடன் இடுப்பின் நிலையையும் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாய்ந்தபடியே ஓடுபவருக்குப் பின்தொடை ஏற்கெனவே இழுபட்டுத்தான் இருக்கும். அவருக்கு வயிற்று, பிட்டத் தசைகளின் பயிற்சியே மருந்து.

நார்டிக் எனும் எக்சென்ட்ரிக் பயிற்சியை எவ்வாறு தொடங்குவது?

மெத்தென்ற விரிப்பில் மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, தோளிலிருந்து முழங்கால்வரை உடலை ஒரே நேர்கோட்டில் வைத்து, முடிந்தவரை மெதுவாக முன்னே சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றி விழுந்து, கையால் தள்ளியே எழ வேண்டும். இடுப்பை மடக்கிக்கொண்டு செய்வதே பலரும் செய்யும் பிழை.

டென்மார்க்கில் 50 அணிகளின் 942 வீரர்களைக் கொண்டு பீட்டர்சன் குழுவினர் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பயிற்சியைச் செய்த அணிகளில் 15 பின்தொடைக் காயங்களும், செய்யாத அணிகளில் 52 காயங்களும் பதிவாயின. அவர்கள் கையாண்ட அட்டவணை 10 வாரத்துக்குரியது: முதல் வாரம் ஒரே நாள், ஐந்து முறை வீதம் இரு சுற்று, இரண்டாம் வாரம் இரு நாள், ஆறு முறை வீதம் இரு சுற்று, மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள், மூன்று சுற்றுகள், ஐந்தாம் வாரத்திலிருந்து சுற்றுக்கு 12, 10, 8 முறைகள். தொடக்கத்தில் இந்த அளவு சிறிதாகத் தோன்றும். அதைக் கூட்டிவிடும் ஆவலை அடக்குங்கள். முதல் வாரமே அளவு மீறினால் நான்கு நாள் படியிறங்க முடியாத வலி வரும், வீரரும் அந்தப் பயிற்சியை வெறுத்துவிடுவார்.

நார்டிக் பயிற்சி முழங்காலை மையமாகக் கொண்டது. இடுப்பை மடக்கி எடையை இறக்கி ஏற்றும் ரோமானியன் டெட்லிஃப்ட் போன்ற, இடுப்பை மையமாகக் கொண்ட ஒன்றையும், வாரந்தோறும் சில உண்மையான விரைவோட்டங்களையும் சேர்த்தால்தான் தசை முழுமையாகத் தயாராகும்.

உள்தொடை இறுக்கத்துக்கும் இதே வழிதானா?

ஆம், கால்பந்து வீரர்களுக்குப் பெரும்பாலும் இதே வழிதான். பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் துணைவர் தாங்க, கீழ்க்காலை உயர்த்தும் கோபன்ஹேகன் பயிற்சியை நார்வேயின் அரைத் தொழில்முறை அணிகள் மேற்கொண்டபோது கவட்டைப் பகுதித் தொல்லைகள் 41 விழுக்காடு குறைந்ததாக 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தசையை உருட்டித் தேய்க்கும் ஃபோம் ரோலரும் மசாஜும் பயன் தருமா?

சிறிது நேர இதமும் சற்றுக் கூடுதலான அசைவும் கிடைக்கும். அந்த இடைவெளியில் வலிமைப் பயிற்சியைச் செய்துவிட்டால் பயன் உண்டு. திசுக்களில் விழுந்த முடிச்சை ரோலர் அவிழ்க்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பலவீனமான பக்கத்துக்கு மட்டும் பயிற்சி கொடுக்கலாமா?

இரு பக்கமும் செய்ய வேண்டும். ஆனால் ஒற்றைக் கால், ஒற்றைக் கைப் பயிற்சிகளைப் பலவீனமான பக்கத்திலிருந்து தொடங்கி, அது எத்தனை முறை செய்ததோ அத்தனை முறை மட்டும் வலுவான பக்கம் செய்யட்டும். தேவைப்பட்டால் பலவீனமான பக்கத்துக்கு ஒரு சுற்றைக் கூட்டலாம். ஒரு கால் மாவுக்கட்டில் இருக்கும்போது மறு காலுக்குப் பயிற்சி கொடுத்தால், கட்டுப் போட்ட காலின் வலிமை இழப்பும் ஓரளவு குறையும். நரம்பு மண்டலத்தின் வழியாக நிகழும் இந்தப் பரிமாற்றம் நெடுங்காலமாக அறியப்பட்டது.

முழங்கால் சிலுவைத் தசைநார் அறுவைக்குப் பின் முன்தொடை ஏன் இவ்வளவு சூம்பிவிடுகிறது?

பயன்படுத்தாததால் மட்டுமன்று. மூட்டில் நீர் கோத்தால், அதிலிருந்து எழும் நரம்புச் செய்தி முன்தொடைத் தசைக்கு வரும் கட்டளையைத் தடுக்கிறது. ஆரோக்கியமான முழங்காலில் 20 முதல் 30 மி.லி. உப்புநீரைச் செலுத்தினாலே தொடையின் உட்புற முன்தசையின் இயக்கம் மங்குகிறது என்று 1984-இல் நடந்த சோதனை காட்டியது. எனவே வீக்கம் வற்றாத முழங்காலோடு எடையைக் கூட்டிக்கொண்டே போவது பலன் தராது. முதலில் வீக்கத்தைக் குறைப்பதும், முழங்காலை முற்றிலும் நேராக்கும் அசைவை மீட்பதும், தேவையானால் மின்தூண்டலைச் சேர்ப்பதும் ஆரம்ப வாரங்களின் வேலை.

களத்துக்குத் திரும்ப, காயப்பட்ட காலின் வலிமை மறு காலில் 90 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். இதில் ஒரு பொறி உண்டு: பல மாத ஓய்வில் நல்ல காலும் மெலிந்துவிடுகிறது. மெலிந்த காலோடு ஒப்பிட்டு 90 பெறுவது எளிது. அறுவைக்கு முன்பே நல்ல காலின் வலிமையை அளந்து குறித்துவைத்தால் இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். காலமும் முக்கியம், அறுவைக்குப் பின் ஒன்பதாம் மாதம்வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாக்குவதாக கிரிண்டெம் குழுவினரின் 2016-ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது.

பந்தெறியும் கையின் தோள் உட்பக்கம் திரும்ப மறுக்கிறது. நீட்ட வேண்டுமா?

உடனே வேண்டாம். இளம் வயதிலிருந்து எறிபவர்களின் மேற்கை எலும்பு சற்று முறுகியே வளர்கிறது. அதனால் உட்சுழற்சி குறைந்து, அதே அளவு வெளிச்சுழற்சி கூடுகிறது. இரண்டையும் கூட்டிய மொத்த வீச்சு இரு தோள்களிலும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் அது எலும்பின் அமைப்பு; எந்த நீட்டலும் அதை மாற்றாது. மொத்த வீச்சே குறைந்திருந்தால்தான் தோளின் பின்புறத்தை நீட்டுவதில் பயன் உண்டு.

தரையில் சம்மணமிட்டும் குந்தியும் உட்காரும் பழக்கம் உதவுமா?

இடுப்பு, கணுக்கால் அசைவைக் காக்க உதவும். ஆனால் வலிமைப் பயிற்சிக்கு அது மாற்றாகாது.

எவ்வளவு காலத்தில் மாற்றம் தெரியும்?

முதல் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் பழக்கத்தால் வருவது. தசை பருமனாவது கண்ணுக்குத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பெற்றதைத் தக்கவைக்க, பருவம் நடக்கும்போதும் வாரம் ஒருமுறையாவது தொடர வேண்டும்; போட்டிகள் தொடங்கியதும் வலிமைப் பயிற்சியை நிறுத்திவிடும் அணிகளே அதிகம்.

இறுக்கம் என்று எண்ணி எதைத் தவறவிடக்கூடாது?

ஓடும்போது பின்தொடையில் "சுருக்" என்று வெட்டியதுபோல் வலித்து, நீலம் பாய்ந்தால் அது கிழிவு, நீட்டக்கூடாது. கெண்டைக்கால் ஒருபக்கமாக வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால், குறிப்பாக அறுவைக்கோ நெடும்பயணத்துக்கோ பிறகு, இரத்தக்கட்டி ஐயத்தோடு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், தேய்த்துவிடக் கூடாது. முதுகு வலியோடு சிறுநீர், மலக் கட்டுப்பாடு தளர்ந்தாலோ தொடையிடுக்கு மரத்தாலோ காத்திருக்க நேரமில்லை.

பதின்ம வயது வேகப்பந்து வீச்சாளர்களைத் தனியே குறிப்பிட வேண்டும். பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், கீழ்முதுகு "பிடித்துக்கொண்டது" என்று அவர்கள் சொன்னால், பின்னோக்கி வளையும்போது அது கூடுகிறதா என்று கேளுங்கள். கூடினால், முதுகெலும்பின் அழுத்த முறிவு இல்லை என்பதை மருத்துவர் எம்.ஆர்.ஐ. மூலம் உறுதிசெய்யும்வரை பந்து வீச்சை நிறுத்திவைக்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரே இதைத் தொடக்கத்தில் காட்டாமல் போகலாம்.